ரசத்தில் கலக்கும் மாத்திரை

கேள்வி: கணவர் குடியை விட ஒப்புக்கொள்ளவே இல்லை. தெரிந்தவர் தந்த மாத்திரையைப் பொடித்து, அவருக்குத் தெரியாமல் ரசத்தில் கலக்கிறேன். சரிதானா டாக்டர்? (குடியாத்தம் வாசகி)

பதில்: இன்றே நிறுத்திவிடுங்கள் அம்மா. அது பெரும்பாலும் டைசல்ஃபிரமாக இருக்கும். சாராயம் உடம்பில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாகி, பிறகுதான் தீங்கில்லாத பொருளாக மாறும். இந்த மாத்திரை அந்த இரண்டாம் படியை அடைத்துவிடும். அதன் மேல் குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும். உயிரே போகலாம்.

கழுத்துவரை சிவந்து, சட்டையெல்லாம் வாந்தியோடு ஸ்ட்ரெச்சரில் கிடந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். மனைவி பக்கத்திலேயே நின்றார். மாத்திரையைப் பற்றி வாயே திறக்கவில்லை, பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் 'மாத்திரை போட்டிருக்கிறோம், குடித்தால் ஆபத்து' என்று குடிப்பவருக்குத் தெரிந்திருந்தால்தான் இந்த மருந்து வேலை செய்யும். நிறுத்திய பிறகும் 14 நாள்வரை வேகம் இருக்கும் என்பதால் அவரிடம் சொல்லியே ஆகவேண்டும். தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால், மாத்திரை அட்டையோடு நாளைக்கே மனநல மருத்துவரிடம் போங்கள், அவர் எடுத்துச் சொல்வார். குடி ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், விட்டவர் மறுபடி தொடாமலிருக்க அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகளும் இருக்கின்றன. ஈரல், சிறுநீரகம் பார்த்துத்தான் தருவோம்.

கேள்வி: அப்பா வள்ளிமலைக்குக் காவடி எடுக்க மாலை போட்டு, குடியை ஒரேயடியாக விட்டார். இன்று மூன்றாம் நாள். கை நடுங்குகிறது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார். (காட்பாடி)

பதில்: காலைவரை காத்திருக்காதீர்கள், இப்போதே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். பல வருடம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் மூளை கட்டுக்கடங்காமல் துள்ளும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், அப்புறம் இந்த மாதிரிக் குழப்பம். டயஸிபாம் வகை மருந்தைக் கொடுத்துச் சில நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள், தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போடுவார்கள். மாலையைக் கழற்ற வேண்டாம். மாலையோடே போகட்டும்.

கேள்வி: வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொண்டிருந்த மகனுக்கு ப்யூப்ரெனார்ஃபின் தந்திருக்கிறார்கள். ஒரு போதைக்கு இன்னொரு போதையா? (ஆம்பூர்)

பதில்: இல்லை. அந்தப் போதைப்பொருள் மூளையில் உட்காரும் இடத்தையே இதுவும் பிடித்துக்கொள்ளும், ஆனால் பாதி வேகத்தில். சொன்ன அளவில் நாக்கின் அடியில் வைத்தால் மயக்கம் ஏறாது. உடம்பு முறுக்கல் அடங்கும், அளவு மீறிச் சாகும் ஆபத்து குறையும். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் தேவைப்படும். 'பத்து நாள் போதும்' என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மதுவோ தூக்க மாத்திரையோ கூடவே கூடாது. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி பரிசோதனையும் செய்துவிடுங்கள். வீட்டில் பேச வழி தெரியாவிட்டால் போதை மீட்பு உதவி எண் 14446-க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை.

கேள்வி: பீடியை விட நிக்கோட்டின் கம் வாங்கினேன். தொண்டை எரிகிறது. (ஆரணி)

பதில்: பபுள்கம் போல மென்றிருப்பீர்கள். மெதுவாக மெல்லுங்கள், சுறுசுறுவென்றதும் கன்னத்தில் ஒதுக்குங்கள், அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். அரை மணி நேரம் இப்படி. அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து டீ வேண்டாம்.