வாசகர் கேள்வி பதில்: எல்லைக் கதவைத் திறக்க மறுத்த ஜாம்பியா

கேள்வி: மண்டேலா ஜெயில்ல இருந்து வெளிய வந்ததும் முதல்ல போன வெளிநாடு ஜாம்பியான்னு படிச்சேன். லண்டன், அமெரிக்கான்னு போகாம அங்க ஏன் போனார்? (வாசகி, திருச்சி)

பதில்: அவரோட கட்சித் தலைமையகமே அங்க, தலைநகர் லுசாகாவுலதான் இருந்துச்சு. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் மட்டுமில்ல, ஜிம்பாப்வேக்காகப் போராடுன ஜாபு, நமீபியாவோட ஸ்வாபோ, இவங்களுக்கும் அந்த ஊர்தான் புகலிடம். இத்தனைக்கும் ஜாம்பியா 1964 அக்டோபர்லதான் சுதந்திரம் வாங்குச்சு, கடலே இல்லாத நாடு, ஏற்றுமதி வருமானத்துல 90 சதவீதத்துக்கு மேல செம்பு, அந்தச் செம்பு போற ரயில் பாதையே வெள்ளையர் ஆண்ட ரொடீசியா (இன்னைக்கு ஜிம்பாப்வே) வழியாத்தான், கரிபா அணையில கரண்ட் எடுக்குற நிலையமும் ரொடீசியா பக்கத்துக் கரையிலதான்.

1965 கடைசியில ரொடீசியா ஜாம்பியாவுக்குப் போற எண்ணெயை நிறுத்துச்சு. பெட்ரோலுக்கு ரேஷன், டிரம் டிரம்மா விமானத்துல கொண்டுவந்தாங்க, லாரிங்க தான்சானியாவோட துறைமுகமான தார் எஸ் ஸலாம்ல இருந்து சேத்து ரோட்டுல எண்ணெய் ஏத்திக்கிட்டு வந்துச்சு.

1973 ஜனவரியில ரொடீசியப் பிரதமர் இயான் ஸ்மித் எல்லையை மூடுனார், போராளிகளுக்கு இடம் கொடுக்குறதுக்கு தண்டனையாம். செம்புக்கு மட்டும் விலக்கு, ஏன்னா அதோட ரயில் கட்டணம் அவருக்கு வேணும். அடுத்த மாசமே திறக்குறேன்னார். ஜாம்பியா அதிபர் கென்னத் கவுண்டா முடியாதுன்னுட்டார்! செம்பையும் அந்த வழியா அனுப்பல, 1978 வரைக்கும் கதவு மூடியேதான் இருந்துச்சு. அதுதான் எனக்கு அவர்மேல பெரிய மரியாதை. சீனா வட்டியில்லாக் கடன்ல தார் எஸ் ஸலாமுக்கு 1,860 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டுக் கொடுத்ததால ஓரளவு தாக்குப்பிடிச்சாங்க.

கேள்வி: இதுக்கெல்லாம் ஜாம்பியாவுக்கு என்ன கிடைச்சுது? (வாசகர், தேனி)

பதில்: குண்டுதாங்க. 1975 மார்ச்ல ஜிம்பாப்வே விடுதலைப் போராட்டத் தலைவர் ஹெர்பர்ட் சிட்டெபோ லுசாகாவுல வீட்டு வாசல்லயே கார் குண்டுல செத்தார். 1978 அக்டோபர்ல ரொடீசிய விமானங்க லுசாகா பக்கத்துல ஜாபு முகாமைத் தாக்குனப்ப, விமானி ஏர்போர்ட் கன்ட்ரோல் டவரையே ரேடியோவுல கூப்பிட்டு உங்க போர் விமானம் எதையும் கிளப்பாதீங்கன்னு மிரட்டுனார், தலைநகரத்து மேலயே பறந்துக்கிட்டு.

கவுண்டா குறையில்லாதவர் இல்ல. ஒரே கட்சி ஆட்சி கொண்டுவந்தார், எதிர்க்கட்சியை ஒடுக்குனார், அது தப்புதான். கடைசியில உர நெருக்கடி, போக்குவரத்துச் சிக்கல்னு 1978ல ரொடீசியா வழியாப் போற தெற்கு ரயிலைத் திறந்தப்ப துரோகின்னு சிலர் திட்டுனாங்க. அஞ்சு வருஷத்துக்கு மேல சொந்த ஜனத்தோட வயித்தைக் கட்டி அடுத்த நாட்டுப் போராட்டத்தைத் தாங்குனவரை அப்படிச் சொல்றது அநியாயம். 1980ல ஜிம்பாப்வே, 1990ல நமீபியா, ரெண்டும் விடுதலையானதுல ஜாம்பியாவுக்குப் பெரிய பங்கு இருக்கு.