மழைக்காலம் எப்படி இருக்கும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வடகிழக்குப் பருவமழை ‘இயல்பு’ என்று முன்னறிவிப்பு வந்தால், அந்த ஆண்டு வெள்ளம் வராது என்று நம்பலாமா?
வாசகர், கடலூர்

நம்பக் கூடாது. அக்டோபர் பிறக்கும் வேளையில் இந்திய வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் பருவ முன்னறிவிப்பு, டிசம்பர் வரையிலான மூன்று மாத மொத்த மழையைப் பற்றியது. அதுவும் தமிழ்நாடு, கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமா, தென் உள் கர்நாடகம் ஆகிய ஐந்து உட்பிரிவுகளையும் சேர்த்து. நீண்டகால சராசரியில் 88 முதல் 112 சதவீதம் வரை பெய்தால் அது ‘இயல்பு’. உங்கள் ஊரில் எந்த வாரம், எத்தனை செ.மீ. என்பதற்கு அதில் பதில் கிடையாது.

தமிழ்நாட்டின் சராசரியே இந்தப் பருவத்துக்குச் சுமார் 44 செ.மீ.தான். நாகப்பட்டினத்துக்கு அது 90ஐத் தாண்டும். சென்னைக்கு 80ஐ ஒட்டி வரும். உள்மாவட்டங்கள் பலவற்றில் சென்னை அளவில் பாதிகூட இல்லை. இன்னொன்று, இந்த மழை நாள்தோறும் அளந்து பெய்வதில்லை. சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிட்டு வாரக்கணக்கில் ஓய்ந்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 செ.மீ. பெய்தது. மாநிலத்தின் பருவ சராசரியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! அன்று புயலும் இல்லை, தாழ்வு மண்டலமும் இல்லை. குமரிக்கடல் பக்கம் நிலைகொண்ட வளிமண்டலச் சுழற்சி, கிழக்கிலிருந்து ஈரக்காற்றை ஒரே இடத்துக்கு இழுத்துக்கொண்டே இருந்தது. ‘புயல் சின்னம் இல்லையே’ என்று நிம்மதி அடைபவர்கள் அந்த நாளை மறக்கக் கூடாது.

பருவ முன்னறிவிப்பை விதை ரகம் தேர்வு செய்யவும், ஏரி மதகைச் சரிபார்க்கவும் பயன்படுத்துங்கள். வியாழன்தோறும் வரும் நீட்டிப்பு முன்னறிவிப்பை அடுத்த இரண்டு வார வேலைக்கும், தினசரி அறிக்கையை அடுத்த சில நாட்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது பார்க்க வேண்டியது மூன்று மணி நேர எச்சரிக்கையைத்தான்.

லா நினா ஆண்டில் நமக்கு மழை குறையும் என்கிறார்களே?
வாசகி, சென்னை

பொதுப்போக்கு அதுதான். பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதி வெப்பமாகும் எல் நினோவும், இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி வெப்பமாக இருக்கும் நேர்மறை இருமுனை நிலையும் நம் கிழக்குக் கரைக்கு மழையைக் கூட்டும். அதே பசிபிக் பகுதி குளிரும் லா நினா குறைக்கும். ஆனால் இது விதி அல்ல, சாய்வு. 2016இல் பலவீனமான லா நினா, இருமுனை எதிர்மறை. மழை 62 சதவீதம் குறைந்து சுமார் 17 செ.மீ.யோடு நின்றது. 2021இலும் அதே ஜோடி: லா நினா, எதிர்மறை இருமுனை. அந்த ஆண்டு 71 செ.மீ. கொட்டியது. நவம்பரில் அடுத்தடுத்து வந்த தாழ்வுகள் கணக்கை மாற்றிவிட்டன. லா நினா என்று கேட்டதும் வடிகாலைத் தூர்வாராமல் விடுவது ஆபத்து.

ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்தார்கள். எங்கள் தெருவில் தூறல்கூட இல்லை. ஏன்?
வாசகர், தரங்கம்பாடி

எச்சரிக்கை மாவட்டத்துக்கு, தெருவுக்கு அல்ல. கன மழை என்பது 7 முதல் 11 செ.மீ., மிக கன மழை 12 முதல் 20, அதி கன மழை 20க்கு மேல். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்கள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் வரும். ஆனால் நிறத்தை விட, அறிக்கையில் உள்ள இடச் சொல்லைப் படியுங்கள். ‘ஓரிரு இடங்களில்’ என்றால் மழைமானி நிலையங்களில் கால் பங்குக்குள்தான். ‘ஒரு சில இடங்களில்’ என்றால் பாதி வரை. ‘பல இடங்களில்’ முக்கால் பங்கு வரை. ‘பெரும்பாலான இடங்களில்’ அதற்கும் மேல். ‘ஓரிரு இடங்களில் மிக கன மழை’ என்ற அறிவிப்பு உங்கள் ஊரைத் தொடாமலே பலித்துவிடும்.

நேரத்தையும் கவனியுங்கள். மழையளவு காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் 8.30 வரை கணக்கிடப்படுகிறது. இந்தப் பருவத்தில் கரையோர மழை பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் அதிகம்: குளிர்ந்த நிலக்காற்று கடலிலிருந்து வரும் கிழக்குக் காற்றோடு கரையருகே மோதி மேகத்தை எழுப்புகிறது. மாலையில் வெயில் அடித்தது என்று எச்சரிக்கையைத் தள்ளிவிடாதீர்கள்.

‘காற்று மணிக்கு 45 முதல் 55 கி.மீ., இடையிடையே 65 கி.மீ.’ என்று வருகிறது. ஃபைபர் படகு வைத்திருக்கிறோம். கரைக்குப் பக்கத்தில் மட்டும் போய் வரலாமா?
வாசகர், ஜெகதாப்பட்டினம்

வேண்டாம். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். 65 கி.மீ. வீச்சு, 45 கி.மீ. காற்றைப் போல இரண்டு மடங்கு விசையோடு படகைத் தள்ளும். படகு கவிழ்வது பெரும்பாலும் அந்த ‘இடையிடையே’யில்தான்.

உங்கள் பாக் நீரிணை வேறு ஆழம் குறைந்தது. பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைவு. வாடைக்காற்று ஓங்கினால் அங்கே அலை நீளமாக உருளாமல் குறுகிச் செங்குத்தாக எழும். ஓர் அலையிலிருந்து நிமிர்வதற்குள் அடுத்தது படகின் முன்பகுதியான அணியத்தில் ஏறிவிடும். அதே நாளில் ராமேசுவரம் தீவின் தென்புறம், மன்னார் வளைகுடா ஓரளவு அடங்கியிருக்கலாம். அதைப் பார்த்து வடபுறம் இறங்கக் கூடாது.

அலை உயரத்தையும் சரியாகப் படிக்க வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் ‘2 மீட்டர்’ என்றால், அது எல்லா அலைகளிலும் மிக உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. தனி அலை ஒன்று 4 மீட்டர் அளவுக்கும் எழக்கூடும். மழைவெள்ளம் வெளியேறும் முகத்துவாரத்தில் ஆற்று நீரும் எதிரலையும் மோதுவதால் திரும்பி வரும் வழிதான் மிக மோசம். தங்கல் மீன்பிடிப்புக்குப் போன விசைப்படகுகள் தாழ்வுப் பகுதி உருவாகும் என்ற முதல் அறிவிப்பிலேயே திரும்பிவிட வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி, குமரி அருகே ஒரே நாளுக்குள் புயலாக வலுத்தது. தொலைவில் இருந்தவர்களுக்குத் திரும்ப நேரமே கிடைக்கவில்லை.

புயல் கரை கடக்கும் இடத்துக்கு வடக்கே இருந்தால் ஆபத்தா, தெற்கே இருந்தால் ஆபத்தா?
வாசகி, வேதாரண்யம்

கிழக்குப் பார்த்த கரையில் வடக்குப் பக்கம்தான். இங்கே புயல் காற்று கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழலும். மையத்துக்கு வடக்கே அது கடலிலிருந்து கரைக்கு வீசி நீரை ஊருக்குள் தள்ளும். தெற்கே கரையிலிருந்து கடலுக்கு வீசும். ஆனால் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் கரை தெற்குப் பார்த்தது. மையம் நிலத்துக்குள் போன பிறகு காற்று தெற்கே திரும்பும்போது அங்கே நீர் ஏறலாம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கடந்தது. அத்தகைய பாதையில் இரு பக்கமும் எச்சரிக்கை தேவை. திடீரென்று காற்று நின்று வானம் வெளுத்தால் வெளியே வராதீர்கள். அது புயலின் கண். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். முதல் பாதியில் தளர்ந்த கூரை ஓடும் மரமும் இரண்டாம் பாதியில்தான் விழும்.

துறைமுகத்தில் 3ஆம் எண் கூண்டு என்றால் என்ன?
வாசகர், தூத்துக்குடி

துறைமுகத்திலேயே சூறைக்காற்று வீசக்கூடும் என்று பொருள். 1, 2 என்பவை தொலைவில் உள்ள தாழ்வு மண்டலத்தையும் புயலையும் குறிப்பவை. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கம் கடக்கும் என்பதைப் பொறுத்து எண் மாறும். 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது.

சம்பாவுக்கு மேலுரம் எப்போது போடலாம்?
வாசகர், திருத்துறைப்பூண்டி

அடுத்த இரண்டு நாட்களுக்குக் கன மழை அறிவிப்பு இருந்தால் யூரியா போடாதீர்கள், வடிகாலோடு போய்விடும். பயிர் மூழ்கியிருந்தால் முதலில் நீரை வடித்து, வேருக்குக் காற்று கிடைக்கச் செய்யுங்கள். பிறகு ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ சிங்க் சல்பேட் இரண்டையும் 200 லிட்டர் நீரில் கரைத்து, மழையில்லாத நாளில் இலைவழியாகத் தெளியுங்கள். வயலில் நீர் நிற்கும்போதே உரத்தைக் கொட்டினால் பயிருக்கு எட்டாது.