கொம்பு முதலில் வந்த காலம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிஜிட்டல் ஊடகத்தின் வரலாறும் கோட்பாடும் முதுகலையில் படிக்கச் சேர்ந்திருக்கிறேன். மக்லூகன், கிட்லர், மனோவிச் என்று ஊடகக் கோட்பாட்டாளர்களின் வாசிப்புப் பட்டியலே மிரட்டுகிறது. வீட்டில் ‘நிரல் எழுதக் கற்றுக்கொள், வேலையாவது கிடைக்கும்’ என்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது? என் பெரியப்பா 1999இல் தட்டச்சு செய்த ஊர் வரலாறு ஒரு குறுந்தகட்டில் கிடக்கிறது. திறந்தால் கிறுக்கலாக வருகிறது. அதுபோன்ற பழங்கதைக்கும் இந்தப் படிப்புக்கும் தொடர்பில்லைதானே?

ம.

அன்புள்ள ம.,

நிரல் எழுதவும் கற்றுக்கொள்ளுங்கள். கோட்பாட்டுக்கு அது பகை அல்ல. வேலையைப் பற்றி வீட்டாரிடமே பேசிக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் கடைசி வரி எனக்குக் கோபமூட்டியது. பெரியப்பாவின் உழைப்பு உங்களுக்குப் பழங்கதையா? நீங்கள் சேர்ந்திருக்கும் படிப்பே அந்தக் குறுந்தகட்டுக்குள்தான் இருக்கிறது.

சென்ற மாதம் முழுக்க நானும் இதில்தான் கிடந்தேன். என் அப்பா 1998இல் தன் இளமைக்காலத்தை எழுதி, ஒரு தட்டச்சு நிலையத்தில் கொடுத்துக் கணினியில் ஏற்றினார். அச்செடுத்த ஒரே பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. முதல் பக்கம் மட்டும் மிச்சம். கோப்பைத் திறந்தால் வரிக்கு வரி ஐரோப்பிய எழுத்துகள், தலையில் புள்ளியும் காலில் வாலுமாக. ‘தூக்கிப் போட்டுவிடுங்கள் சார்’ என்றார் கணினிக் கடைக்காரர். அன்றிரவு நான் தூங்கவில்லை.

கணினி ஒவ்வொரு எழுத்தையும் ஓர் எண்ணாகவே சேமிக்கிறது. அன்று ஓர் எழுத்துக்கு ஒதுக்கிய ஒரு பைட்டில் 256 இடங்கள். முதல் பாதி ஆங்கிலத்துக்கு. மீதியில் பிரெஞ்சுக்கும் ஜெர்மனுக்கும் ஒதுக்கிய இருக்கைகளில் தமிழை உட்காரவைத்தார்கள். பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கிலத்தின் இருக்கையிலேயே அமர்ந்தன. எந்த எண் எந்தத் தமிழ் எழுத்து என்பதில் திஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு வரிசை. உலக மொழிகளின் எழுத்துகளுக்குப் பொதுவாக எண் தரும் யூனிகோட் 1991இலேயே தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியிருந்தாலும், நம் வீட்டுக் கணினிகளுக்கு அது வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின.

இன்னொன்றைப் பாருங்கள். ‘கொ’ எழுதும்போது கை முதலில் கொம்பு போடுகிறது, அடுத்து ககரம், கடைசியில் கால். திஸ்கி அந்த வரிசையிலேயே சேமித்தது. யூனிகோடில் ககரம் முன்னே, உயிர்க்குறி பின்னே. காதில் விழும் வரிசை அது. ஒரே எழுத்து ஓரிடத்தில் கையின் கணக்குப்படியும் மற்றோரிடத்தில் காதின் கணக்குப்படியும் எண்ணாகியிருக்கிறது. இந்திய எழுத்துகள் பலவற்றை ஒரே சட்டகத்தில் பொருத்திய 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தைத் தழுவியே யூனிகோடில் தமிழுக்கு இடம் போட்டார்கள். க, கா, கி என ஒவ்வொன்றுக்கும் தனி இடம் வேண்டும் என்று நம்மவர்கள் நெடுநாள் வாதாடினார்கள். 2010இல் தமிழக அரசு யூனிகோடோடு அப்படியொரு குறியீட்டு முறையையும் ஏற்றது. எது எழுத்து என்பது தொல்காப்பியர் காலத்துக் கேள்வி. அதற்குக் குழுக்கள் கூடி எண்களால் விடை எழுதியிருக்கின்றன, நாம் கவனிக்காமலே! இதைக் கோட்பாடு என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

எண்ணால் ஆனதாக இருப்பதே புதிய ஊடகத்தின் முதல் இயல்பு என்று மனோவிச் 2001இல் எழுதினார். அதைப் பலமுறை படித்துத் தலையாட்டியிருக்கிறேன். கரையான் விட்டுவைத்த அந்த ஒற்றைப் பக்கத்தைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தக் குறி எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகப் பொருத்தியபோதுதான் அது எனக்கு விளங்கியது. மூன்றாம் நாள் மாலை, அச்சில் இல்லாத ஒரு வரி முதன்முதலாகத் தமிழாகத் திரண்டது. அதில் என் பாட்டியின் பெயர் இருந்தது.

பட்டியலில் எதை வேண்டுமானாலும் முதலில் எடுங்கள். அதற்கு முன் அந்தக் குறுந்தகட்டைப் பிரதி எடுத்துவிடுங்கள். பூச்சு உரிந்துபோனால் யாராலும் மீட்க முடியாது. ஊர் வரலாற்றில் அச்சிட்ட பக்கம் ஒன்றாவது வீட்டில் இருக்கிறதா என்று பெரியம்மாவிடம் இன்றே கேளுங்கள். ஒரு பக்கம் போதும்.