வாசகர் கேள்வி: நுண்ணுயிரியலில் வாழ்நாள் சாதனை விருது

கே: எங்கள் பேராசிரியை முப்பத்தைந்து ஆண்டுகளாக மண் பாக்டீரியாக்களை ஆராய்ந்துவருகிறார். விரைவில் ஓய்வு பெறப் போகிறார். வாழ்நாள் சாதனை விருதுக்கு அவர் பெயரை அனுப்ப நினைக்கிறோம். அவருக்கே தெரியாமல் செய்யலாமா? எங்கிருந்து தொடங்குவது?

ப: தெரியாமல் செய்யும் யோசனையை முதலில் விடுங்கள். ஆய்வு முறைகேடு, பணியிடத் தொல்லை போன்ற புகார்கள் எதுவும் தன்மீது நிரூபணமாகவில்லை என்று பரிந்துரைக்கப்படுபவரே கையெழுத்திட்டுத் தர வேண்டும் எனப் பல விருதுகளில் இப்போது கேட்கிறார்கள். தவிரவும், எந்த ஸ்ட்ரெய்னை (ஓர் இனத்துக்குள் தனியாகப் பிரித்து வளர்த்த நுண்ணுயிர் வகையை) எந்த நுண்ணுயிர்ச் சேகரிப்பு மையத்தில் வைத்தார், எந்த முறையை யார் யார் கேட்டு வாங்கிப்போனார்கள் என்பதெல்லாம் அவர் நினைவிலும் பழைய குறிப்பேடுகளிலும்தான் இருக்கும்.

அடுத்து, விதிமுறையை வரி விடாமல் படியுங்கள். 'மூத்த ஆய்வாளர்' என்பதற்கு ஓரிடத்தில் வயது அளவுகோல், இன்னோரிடத்தில் பிஎச்.டி. முடித்தபின் கழிந்த ஆண்டுகள். சில விருதுகள் ஒரேயொரு பெரிய கண்டுபிடிப்பைத் தேடும். சில, ஆய்வோடு கற்பித்தலையும் சங்கப் பணியையும் சேர்த்துப் பார்க்கும். பரிந்துரைப்பவர் சங்க உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. அப்படியிருந்தால் உங்கள் கையெழுத்து செல்லாது. தகவல் திரட்டும் வேலையை நீங்கள் செய்யுங்கள். உறுப்பினரான மூத்தவர் ஒருவர் அதைப் படித்து, திருத்தி, தன் பெயரில் அனுப்பட்டும்.

கடைசி நாளுக்கு நான்கு மாதம் முன்னதாகத் தொடங்கினால் மூச்சு வாங்காது. முதல் மாதம் பேராசிரியையோடு இரண்டு மூன்று முறை உட்கார்ந்து பேசவும் எதை முன்னிறுத்துவது என்று முடிவு செய்யவும் சரியாக இருக்கும். ஆதரவுக் கடிதம் எழுதுபவர்களுக்குக் குறைந்தது ஆறு வாரம் கொடுங்கள். கடைசி நாள் எந்த நாட்டு நேரப்படி என்பதையும் பார்த்துவிடுங்கள். நள்ளிரவு என்றால் அது உங்கள் ஊர் நள்ளிரவாக இருக்க வேண்டியதில்லை.

கே: பரிந்துரைக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்? இரண்டு பக்கம்தான் என்கிறார்கள். முப்பத்தைந்து ஆண்டு வேலையை இரண்டு பக்கத்தில் எப்படி அடக்குவது?

ப: அடக்க வேண்டாம். அடக்கப் பார்ப்பதால்தான் பெரும்பாலான கடிதங்கள் கெட்டுப்போகின்றன. பட்டம், பதவி, கட்டுரை எண்ணிக்கை, நிதியுதவி, வழிகாட்டிய மாணவர் எண்ணிக்கை எல்லாம் தன்விவரக் குறிப்பில் இருக்கின்றன. அவற்றையே கடிதத்தில் வாக்கியமாக்கித் திரும்பச் சொன்னால், இருபது முப்பது கோப்புகளைப் புரட்டும் நடுவர் அடுத்த கோப்புக்குப் போய்விடுவார்.

மூன்று பங்களிப்புகளை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விக்கு விடை இருக்க வேண்டும்: இவர் கைவைப்பதற்கு முன் துறையில் என்ன தெரியாமல் இருந்தது? இவர் சரியாக என்ன செய்தார்? இன்று யார் அதை வைத்து என்ன செய்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத பங்களிப்பை, அது எவ்வளவு அழகான ஆய்வாக இருந்தாலும், இந்த வகை விருதுக்கு முன்னே வைக்காதீர்கள்.

ஒரு கற்பனை உதாரணம். 'வேர்ப்பகுதி பாக்டீரியாக்களைப் பற்றிய நம் புரிதலுக்கு இவர் அளப்பரிய பங்காற்றியுள்ளார்' என்று எழுதினால் அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: 'வேரில் வாழும் சூடோமோனாஸ் பாக்டீரியா, பூஞ்சையை அடக்குகிறது என்பது தெரியும், எதனால் என்பது தெரியாது. இவர் அது சுரக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார். அதற்கான மரபணுவை நீக்கியதும் அடக்கும் திறன் போயிற்று. திரும்பச் சேர்த்ததும் வந்தது. அந்த ஸ்ட்ரெய்ன் இன்று விதை நேர்த்தியில் பயன்படுகிறது.' நுண்ணுயிரியலில் இருக்கும் எந்த நடுவருக்கும் இந்த வாதம் உடனே பிடிபடும். ஒரு மரபணுவை நீக்கி, திரும்பச் சேர்த்து, நோய் உண்டாக்கும் திறனில் அதன் பங்கை நிறுவும் முறையை 'மூலக்கூறு கோக் விதிகள்' என்று 1988இல் வகுத்துத் தந்தவர் நுண்ணுயிரியலாளர் ஸ்டான்லி ஃபால்கோ (இந்தக் கிருமிதான் இந்த நோய்க்குக் காரணம் என்று நிறுவ ராபர்ட் கோக் தந்த பழைய விதிகளின் பெயர் அது). அவருக்கே 2008இல் அமெரிக்காவின் பெரிய மருத்துவ அறிவியல் விருதுகளில் ஒன்றான லாஸ்கர்–கோஷ்லாண்ட் சிறப்புச் சாதனை விருது கிடைத்தது.

ஒரு குறுக்கு வழியும் சொல்கிறோம். விருதுப் பத்திரத்தில் அச்சாகும் 25, 30 சொல் வாசகத்தைக் கடைசியில் எழுதாமல் முதலில் எழுதுங்கள். அது வரவில்லை என்றால் எதற்காக விருது கேட்கிறோம் என்பது உங்களுக்கே இன்னும் தெளிவாகவில்லை. வந்துவிட்டால், கடிதத்தின் ஒவ்வொரு பத்தியும் அந்த வாசகத்துக்குச் சாட்சி சொல்கிறதா என்று பார்த்து, சொல்லாததை வெட்டிவிடலாம்.

தேர்வுக் குழுவில் வைரஸ் ஆய்வாளர் இருப்பார், பூஞ்சை ஆய்வாளர் இருப்பார், மருத்துவமனை ஆய்வகத்திலிருந்து ஒருவர் இருப்பார். மண் பாக்டீரியா தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அதிர்ஷ்டம். உங்கள் துணைத்துறைக்குள் மட்டும் புழங்கும் சுருக்கப் பெயர்களை விரித்து எழுதுங்கள்.

கே: பரிந்துரைக்க நினைப்பவரின் எச்-இன்டெக்ஸ் 28. போட்டியில் இருக்கும் ஒருவருக்கு 60க்கு மேல். அனுப்பி என்ன பயன்?

ப: எச்-இன்டெக்ஸை 2005இல் முன்மொழிந்த ஜார்ஜ் ஹிர்ஷ் ஓர் இயற்பியலாளர். 28 என்றால், குறைந்தது 28 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 28 இருக்கின்றன என்று பொருள், அவ்வளவுதான். அந்த எண் வயதாக ஆக ஏறும், ஒருபோதும் இறங்காது. ஆட்கள் அதிகமுள்ள துறையில் வேகமாக ஏறும். பாக்டீரியா வகைப்பாடு போன்ற சிறிய துறையில் மெதுவாக ஏறும். ஆகவே துறை மாறும்போது ஒப்பிட முடியாது. ஆய்வாளரை இதழ்களின் தாக்கக் குறியீட்டை (ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணை) வைத்து எடை போடக் கூடாது என்ற சான் பிரான்சிஸ்கோ பிரகடனத்தில் கையெழுத்திட்ட அமைப்புகளும் இருக்கின்றன. விருது தரும் அமைப்பு அவற்றில் ஒன்றா என்று பாருங்கள்; ஆம் என்றால் எண்களை முன்னே வைப்பது உங்களுக்கே எதிராகப் போகலாம்.

எண் குறைவாகத் தெரிவதற்கு வேறு காரணமும் இருக்கலாம். மூத்தவர்களின் பழைய கட்டுரைகள் பல தரவுத்தளங்களில் இடம்பெறுவதில்லை. முன்னெழுத்து மாறியோ, திருமணத்துக்குப்பின் பெயர் மாறியோ ஒரே ஆள் இரண்டு மூன்று பேராகப் பதிவாகியிருப்பார். ஆர்க்கிட் எனப்படும் 16 இலக்க ஆய்வாளர் அடையாள எண்ணை அவரையே பதிவுசெய்யச் சொல்லி, கட்டுரைகளை அதில் சேர்க்க உதவுங்கள். ஒரு வார இறுதி வேலைதான்.

மேற்கோள் எண்ணிக்கையில் சிக்காத பயன் நம் துறையில் நிறையவே உண்டு. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்கா வெந்நீரூற்றுகளில் தாமஸ் பிராக் 1966இல் கண்டெடுத்த பாக்டீரியா, தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பெயரில் 1969இல் வெளியானது. சுமார் 70 டிகிரி செல்சியஸில் செழிக்கும் உயிரி. அதைச் சேகரிப்பு மையத்தில் யாரும் பெற்றுக்கொள்ளும்படி வைத்தார்கள். பின்னால் வேறு ஆய்வாளர்கள் அதிலிருந்து டிஎன்ஏவை நகலெடுக்கும் டாக் பாலிமரேஸ் நொதியைப் பிரித்தார்கள். டிஎன்ஏவைப் பல நகல்களாகப் பெருக்கும் பிசிஆர் முறையில், அதன் இழைகளைப் பிரிக்க ஒவ்வொரு சுற்றிலும் 95 டிகிரி அளவுக்குச் சூடேற்ற வேண்டும். சாதாரண நொதி அதில் செத்துப்போவதால் சுற்றுக்குச் சுற்று புதிதாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். டாக் வந்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது. 1970இல் பிராக்கின் மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்திருந்தால் இதில் எதுவும் தெரிந்திருக்காது.

ஆகவே உங்களவர் வைப்பில் கொடுத்த ஸ்ட்ரெய்ன்கள் எவை, எத்தனை ஆய்வகங்கள் அவற்றை வாங்கின என்று சேகரிப்பு மையத்தில் கேளுங்கள். புதிய இனத்துக்குப் பெயரிட்டிருந்தால் தேடுவது எளிது: அந்த இனத்தின் பெயருக்கு ஆதாரமான முன்மாதிரி ஸ்ட்ரெய்னை இரு வேறு நாடுகளிலுள்ள இரு மையங்களிலாவது வைக்க வேண்டும் என்பது இப்போதைய பெயரிடல் விதி.

கே: ஆதரவுக் கடிதங்களை யாரிடம் வாங்குவது?

ப: பெரிய பெயர்களிடம் அல்ல, வேலையைத் தெரிந்தவர்களிடம். மூன்று கடிதம் என்றால், ஒன்று அவரோடு கூட்டுக் கட்டுரை எழுதாத, வேறு நிறுவனத்து ஆய்வாளரிடமிருந்து கட்டாயம் வர வேண்டும். ஒன்று, அவரது முறையையோ ஸ்ட்ரெய்னையோ தினம் பயன்படுத்துபவரிடமிருந்து வரலாம். மூன்றாவதைப் பழைய மாணவர் ஒருவர் எழுதட்டும். மூவரும் ஒரே கட்டடத்தில் இருந்தால் அந்தக் கோப்பு தானாகக் கீழே போய்விடும்.

மாதிரிக் கடிதம் தயாரித்து மூவருக்கும் அனுப்பும் பழக்கம் இருக்கிறது. கெட்ட பழக்கம். ஒரே வாக்கியம் மூன்று கடிதத்தில் வந்தால் நடுவர் கண்ணில் படாமல் போகாது. ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள், மூன்று பங்களிப்புகளில் ஆளுக்கொன்றைப் பிரித்துக் கொடுங்கள், எழுதுவதை அவர்களிடமே விடுங்கள்.

கே: முக்கியமான சோதனைகளைச் செய்தவர்கள் அவருடைய மாணவர்கள். அதை அவர் சாதனை என்று எழுதுவது சரியா?

ப: யார் எதைச் செய்தார்கள் என்று எழுதினால் சரி. எழுதாவிட்டால் என்னவாகும் என்பதற்கு காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினைப் பாருங்கள். 1943இல் அதைத் தந்த பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தவர் செல்மன் வாக்ஸ்மனின் மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ். 1944இல் வந்த கட்டுரையில் முதல் பெயர் ஷாட்ஸ், இரண்டாவது எலிசபெத் பூஜி, கடைசிப் பெயர் வாக்ஸ்மன். ஷாட்ஸ் வழக்குத் தொடுத்தார். 1950இல் ஏற்பட்ட சமரசத்தில் அவரும் இணைக் கண்டுபிடிப்பாளர் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனாலும் 1952இன் நோபல் வாக்ஸ்மனுக்கு மட்டுமே. மண் நுண்ணுயிரிகளில் முறையாக மருந்து தேடும் திட்டம் வாக்ஸ்மனுடையது என்பதில் சந்தேகமில்லை. அவர் தகுதியற்றவர் என்பதல்ல பிரச்சினை. ஷாட்ஸின் பெயர் விடுபட்டதால் அந்த விருதைப் பற்றிய பேச்சில் இன்றும் முதலில் எழுவது இந்தத் தகராறுதான்.

'கேள்வியை எழுப்பி, முறையை வகுத்தவர் இவர். பிரித்தெடுத்தவர் அன்றைய ஆய்வு மாணவர் இன்னார்' என்று ஒரு வரி போதும். நல்ல மாணவர்களை உருவாக்கியதற்கு அதுவே சாட்சியாகவும் நிற்கும்.

கே: அவர் கட்டுரை ஒன்று திரும்பப் பெறப்பட்டிருக்கிறது. சொல்லலாமா, விட்டுவிடலாமா?

ப: சொல்லுங்கள். நடுவர்கள் தேடுவார்கள், கிடைத்துவிடும். வேறு நுண்ணுயிர் கலந்துவிட்ட கல்ச்சரால் (ஆய்வக வளர்ப்பால்) வந்த பிழை, அவரே கண்டுபிடித்து இதழுக்குத் தெரிவித்தார் என்றால் இரண்டு வரி போதும். அது பெயரைக் கெடுக்காது. படங்களைத் திருத்தியதால் திரும்பப் பெறப்பட்டது என்றால் பரிந்துரைக்கும் யோசனையையே மறுபடி பரிசீலியுங்கள்.

கே: ஒருமுறை அனுப்பிக் கிடைக்கவில்லை. மறுபடி அனுப்புவது மரியாதைக் குறைவா?

ப: இல்லவே இல்லை. சில விருதுகளில் ஒரே பரிந்துரை இரண்டு மூன்று ஆண்டு உயிரோடு இருக்கும்; புதிய தகவல் சேர்க்க அனுமதிப்பார்கள். அந்த வசதி இல்லாவிட்டால் கடிதத்தைப் புதிதாக எழுதுங்கள், ஆதரவாளர்களில் ஒருவரையாவது மாற்றுங்கள். இந்தத் துறையில் தாமதம் புதிதல்ல. கோழிகளில் புற்றுநோய் உண்டாக்கும் வைரஸை பெய்டன் ரௌஸ் 1911இல் வெளியிட்டார். நோபல் வந்தது 1966இல், 87 வயதில். நெதர்லாந்து அறிவியல் அகாடமி ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை தந்துவந்த லேவன்ஹுக் பதக்கம், மண்ணில் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களை 1890 வாக்கில் பிரித்தெடுத்த விநோகிராட்ஸ்கிக்கு 1935இல்தான் வந்தது. பாக்டீரியா போலத் தோன்றினாலும் வேறான ஆர்க்கியா நுண்ணுயிரிகளைத் தனிப்பிரிவாக 1977இல் காட்டிய கார்ல் வோஸுக்கு அதே பதக்கம் 1992இல்.

காத்திருப்பதில் ஒரு கணக்கு மட்டும் உண்டு. மறைந்தவர்களைப் பரிந்துரைக்க முடியாது என்ற விதி பல விருதுகளில் இருக்கிறது. பரிந்துரைக்கப்பட்டபின் மறைந்தால் என்ன செய்வார்கள் என்பது விருதுக்கு விருது மாறும். உங்களவர் எண்பதைத் தாண்டியவர் என்றால், அந்த விதியை விருதுச் செயலாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, இந்தச் சுற்றிலேயே அனுப்பிவிடுங்கள்.