புதினாவை இடிக்காதீர்கள், அழுத்துங்கள்

கேள்வி: எங்கள் தோட்டத்தில் புதினா மண்டிக் கிடக்கிறது. பேசிலும் ரோஸ்மேரியும்கூட நன்றாக வந்திருக்கின்றன. எனக்கும் கணவருக்கும் மொஹிட்டோ பிடிக்கும் என்பதால் வீட்டிலேயே செய்து பார்த்தேன். ஒரு கைப்பிடி புதினா, எலுமிச்சைத் துண்டுகள், சர்க்கரை மூன்றையும் சின்ன உரலில் போட்டு நன்றாக இடித்து, ரம்மும் சோடாவும் ஊற்றினேன். பச்சைத் தண்ணீர் போல இருந்தது, கசந்தது. ஸ்ட்ராவில் இலைத்துணுக்கு அடைத்துக்கொண்டது. கடைசி மடக்கில் கரையாத சர்க்கரை. அடுத்த மாதம் நண்பர்கள் ஆறு பேர் வருகிறார்கள், அவர்களில் இருவர் மது அருந்தாதவர்கள். எப்படிச் செய்தால் சரியாக வரும்? பேசிலையும் ரோஸ்மேரியையும் இதேபோலப் பயன்படுத்தலாமா?

பதில்: உங்கள் பொருள்களில் எந்தக் குறையும் இல்லை, கைப்பக்குவத்தை மட்டும் மாற்றினால் போதும். புதினாவின் வாசனை இலைக்குள் புதைந்து கிடப்பதில்லை. இலையின் மேற்பரப்பிலேயே, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்ணிய சுரப்பிகளில் எண்ணெயாக நிற்கிறது. செடியை உரசிக்கொண்டு போனாலே கை மணப்பது அதனால்தான். லேசாக அழுத்தினாலே அந்தச் சுரப்பிகள் உடைந்துவிடும். இடிக்கும்போது இலையின் திசுவே கிழிந்து, உள்ளிருக்கும் பச்சையமும் துவர்ப்பும் கசப்பும் சாற்றில் இறங்கிவிடுகின்றன. நீங்கள் கண்ட பச்சை நிறம் அதுதான். கசப்புக்கு இன்னொரு காரணம் எலுமிச்சைத் துண்டுகள். தோலுக்கு அடியில் உள்ள வெள்ளைப் பகுதி இடிபட்டால் கசக்காமல் இருக்காது. எனவே சாற்றைத் தனியாகப் பிழிந்து ஊற்றுங்கள். அடியில் தங்கிய சர்க்கரைக்கும் வழி எளிது. குளிர்ந்த திரவத்தில் சர்க்கரை சீக்கிரம் கரையாது என்பதால் பாகாக்கிச் சேர்க்க வேண்டும். அதோடு, சர்க்கரைத் துகள்கள் அழுத்தும்போது உப்புத்தாள் போல இலையை அறுக்கும். இடிப்பவர் கையில் அது இரட்டைக் கேடு.

மொஹிட்டோ கியூபாவின் பானம், ஹவானாவிலிருந்து உலகெங்கும் போனது. சர்வதேச பார்டெண்டர்கள் சங்கம் ஏற்றுக்கொண்ட அளவு ஒரு கோப்பைக்கு வெள்ளை ரம் 45 மி.லி., புதிதாகப் பிழிந்த எலுமிச்சைச் சாறு 20 மி.லி., வெள்ளைச் சர்க்கரை 2 தேக்கரண்டி, புதினா நுனிக்கொத்து ஆறு, மேலே சோடா. இந்த அளவை நான் மாற்ற மாட்டேன். சர்க்கரைக்குப் பதில் பாகு மட்டும் 15 மி.லி. எடுத்துக்கொள்ளுங்கள், இனிப்பு ஏறத்தாழ அதேதான். சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் எடுத்து, கரையும் வரை மட்டும் சூடாக்கி ஆறவிட்டால் பாகு தயார். கம்பிப் பதம் எதுவும் தேவையில்லை.

இனி கோப்பைக்கு வருவோம். உயரமான கண்ணாடித் தம்ளரில் சாற்றையும் பாகையும் ஊற்றி, புதினாக் கொத்துகளைப் போடுங்கள். மரக்கரண்டியின் காம்பு முனையால் இலைகளைத் தம்ளரின் அடியோடு சேர்த்து அழுத்தி, அரைச்சுற்று திருப்பி, எடுத்துவிடுங்கள். இப்படி ஐந்தாறு முறை போதும். இலை நனைந்து சற்றே கருத்திருக்க வேண்டும், ஆனால் முழு இலையாகவே இருக்க வேண்டும். சாறு தன் நிறத்திலேயே இருக்க வேண்டும். தம்ளர் விளிம்பில் மூக்கை வைத்தால் புதினா மணம் எழும்பி வரும். அது வந்துவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். இன்னும் இரண்டு அழுத்து அழுத்தலாமே என்று கை துடிக்கும், வேண்டாம்.

அடுத்து ரம். அதன்மேல் ஐஸ், தம்ளர் நிறைய. ஐஸ் அதிகம் போட்டால் பானம் நீர்த்துவிடும் என்று பலர் பயந்து நாலு கட்டியோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் நாலு கட்டிதான் சீக்கிரம் உருகிப் பானத்தை நீர்க்க வைக்கும். நிறைய ஐஸ் இருந்தால் எல்லாம் சட்டென்று குளிர்ந்து, உருகுவது மெதுவாகும். சோடா ஃபிரிட்ஜில் குளிர்ந்ததாக இருக்கட்டும், கடைசியாக ஊற்றுங்கள். நீளக் கரண்டியை அடிவரை விட்டு ஒரே ஒரு முறை மேலே தூக்கினால் போதும். சுற்றிச் சுற்றிக் கலக்கினால் குமிழிகள் போய்விடும்.

மேலே செருக ஒரு கொத்து தனியாக எடுத்து வைத்திருங்கள். அதை உள்ளங்கையில் வைத்து மறுகையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஸ்ட்ராவுக்குப் பக்கத்தில் செருகுங்கள். இதை வெறும் அலங்காரம் என்று விட்டுவிடக் கூடாது. நாம் சுவை என்று நினைப்பதில் பெரும்பகுதி மூக்கு வழியே வருவது. அமெரிக்காவின் கென்டக்கியில் மின்ட் ஜூலெப் என்ற போர்பன் (அமெரிக்க விஸ்கி) பானத்துக்குக் குட்டை ஸ்ட்ரா வைப்பதும் இதற்காகவே. ஒவ்வொரு முறை உறிஞ்சும்போதும் மூக்கு புதினாவுக்குள் போய்விடும்.

பறிப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தோட்டம் வைத்திருப்பவருக்குள்ள பெரிய வசதியே அதுதான். கொழுந்தான நுனிகளை மட்டும் கிள்ளுங்கள். கிள்ளிய இடத்துக்குக் கீழே இரண்டு கிளை வெடிக்கும், செடி இன்னும் அடர்த்தியாகும். பூ விட்ட தண்டை விட்டுவிடுங்கள், அதன் இலை சிறுத்து முரடாகியிருக்கும். அடுத்த மாதம்தானே விருந்து, மொட்டு தெரிந்தால் இப்போதே கிள்ளிவிடுங்கள். அன்று காலையில் பறித்துத் தண்டோடு தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். வாடிய இலையை ஐஸ் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். பூச்சிமருந்து அடித்த செடி என்றால் அதன் லேபிளில் சொன்ன காத்திருப்புக் காலம் முடியாமல் பறிக்க வேண்டாம். அழகுக்காகக் கோப்பையில் அரளி போன்ற பூக்களை வைக்கவும் வேண்டாம், அரளி நஞ்சு.

புதினாவிலும் வகைகள் உண்டு. ஓர் இலையை மென்று பாருங்கள். இனிப்பாக மணந்தால் ஸ்பியர்மின்ட் வகை, கார்வோன் என்ற பொருளின் மணம் அது, மொஹிட்டோவுக்கு நன்கு பொருந்தும். நாக்கு சில்லென்று மரத்துப்போனால் மென்தால் நிறைந்த பெப்பர்மின்ட் வகை. அப்படியானால் கொத்துகளைப் பாதியாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் பற்பசை வாடை வந்துவிடும்.

விருந்தன்று மது அருந்துபவர்கள் நால்வரும் நீங்கள் இருவருமாக ஆறு பேர், அருந்தாதவர்கள் இருவர். எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஜாடி கலந்துவிடுங்கள். எலுமிச்சைச் சாறு 170 மி.லி., பாகு 130 மி.லி., ரம் கிடையாது. சாறு அன்றே பிழிந்ததாக இருக்க வேண்டும். எட்டொன்பது பழம் தேவைப்படும். மது அருந்துபவர் தம்ளருக்கு 35 மி.லி., அருந்தாதவருக்கு 45 மி.லி. ஊற்றுங்கள். ரம் இல்லாத கோப்பையில் சுவை சற்று வெறுமையாக இருக்கும். ஒரு சிட்டிகை உப்பும் நசுக்கிய இஞ்சித் துண்டும் அதை ஈடுகட்டும். புதினாவை மட்டும் முன்கூட்டி ஜாடியில் போட்டுவிடாதீர்கள், காற்றுப்பட்டு இலை கறுத்துவிடும். அழுத்துவது ஒவ்வொரு தம்ளரிலும் அப்போதைக்கப்போது நடக்கட்டும். நண்பர்களையே ஆளுக்கொன்று அழுத்தச் சொல்லுங்கள், வருகிறவர்களுக்கும் அது சந்தோஷமான வேலை.

ரம்மை அளந்தே ஊற்றுங்கள், கண்மதிப்பு வேண்டாம். 40 சதவீத ரம் 45 மி.லி.யில் ஏறத்தாழ 14 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. இனிப்பும் புதினாவும் சேர்ந்து அதை மறைத்துவிடுவதால், குடிப்பவருக்கு அளவு தெரியாமலே இரண்டு மூன்று இறங்கிவிடும். வண்டி ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டியவருக்கும், கர்ப்பிணிக்கும், மருந்து எடுத்துக்கொள்பவருக்கும் ரம் இல்லாத தம்ளரே தர வேண்டும். ஜாடியில் ரம் கலக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதற்காகவும்தான். எந்தத் தம்ளரில் எது என்ற குழப்பமே வராது.

பேசிலுக்கு வேறு முறை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் லெ லியோன் என்ற பாரில் ஜோர்க் மேயர் 2008-இல் உருவாக்கிய ஜின் பேசில் ஸ்மாஷ் இன்று உலகெங்கும் செய்யப்படுகிறது. ஜின் 60 மி.லி., எலுமிச்சைச் சாறு, பாகு இரண்டும் தலா 22.5 மி.லி., பேசில் இலை பத்து. இதில் மட்டும் பச்சை நிறம் வேண்டும். இலையை நன்றாகவே நசுக்கலாம், பிறகு ஐஸோடு பலமாகக் குலுக்கி, டீ வடிகட்டியில் வடித்து, ஐஸ் போட்ட தம்ளரில் ஊற்ற வேண்டும். ஷேக்கர் இல்லையென்றால் இறுக்கமான மூடியுள்ள கண்ணாடி பாட்டில் போதும். சோடாவை மட்டும் அதில் ஊற்றிக் குலுக்கிவிடாதீர்கள், மூடி தெறிக்கும். நசுங்கிய பேசிலின் பச்சை சீக்கிரம் மங்கிவிடும், செய்தவுடன் கொடுத்துவிடுங்கள்.

ரோஸ்மேரியை அழுத்தவும் வேண்டாம், குலுக்கவும் வேண்டாம். இலை தடித்தது, பிசின் மணம் உடையது, பச்சையாகப் போட்டால் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். ஒரு கோப்பைப் பாகை அடுப்பிலிருந்து இறக்கியதும் விரல் நீளத் தண்டு ஒன்றை அதில் போட்டு மூடுங்கள். இருபது நிமிடம் கழித்து ருசி பாருங்கள், மணம் போதுமென்றால் தண்டை எடுத்துவிடுங்கள். ஜின் 45 மி.லி., எலுமிச்சைச் சாறு 30 மி.லி., இந்தப் பாகு 15 மி.லி., சோடா 60 மி.லி. சேர்த்தால் ரோஸ்மேரி மணக்கும் காலின்ஸ் என்ற சோடா பானம் கிடைக்கும். ஜின்னை விட்டுவிட்டுச் சோடாவை இரட்டித்தால் அருந்தாத நண்பர்களுக்கும் நல்ல பானம். மீந்த பாகை வடிகட்டி, சுத்தமான பாட்டிலில் ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.