ஜாஸ் கேள்வி பதில்: தட்டு வேறு, கச்சேரி வேறு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சண்டையைத்தான் போடுகின்றன, ரெக்கார்டிங் உசத்தியா, நேரில் கேட்பது உசத்தியா என்று. என் கட்சி எது என்பது போகப்போகத் தெரிந்துவிடும்.

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டை மகன் போட்டுக் காட்டினான். உலகமே கொண்டாடுகிறது என்கிறான். எனக்குத் தூக்கம்தான் வந்தது. சின்ன வயசிலிருந்து கர்நாடக சங்கீதம் கேட்பவன் நான். கோளாறு என்னிடமா, தட்டிலா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், குடியாத்தம்

இரண்டிலும் இல்லை ஐயா. அந்தத் தட்டைப் பின்னணியில் ஓடவிட்டால் அது பாட்டுக்கு மிதந்து போய்விடும், யாருக்குமே தூக்கம் வரும். முதல் உருப்படி 'ஸோ வாட்', அதை மட்டும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பியானோவும் பேஸும் (டபுள் பேஸ், நிறுத்திவைத்து விரலால் மீட்டுகிற பெரிய தந்தி வாத்தியம்) எதையோ தேடுகிற மாதிரி ஆரம்பிக்கும், அப்புறம் பால் சேம்பர்ஸின் பேஸ் ஒரு கேள்வி கேட்கும், மற்றவர்கள் இரண்டே ஸ்வரத்தில் பதில் சொல்வார்கள். அந்த ஸ்கேல் உங்களுக்குப் பழகியதுதான், நம்ம கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள். பதினாறு பார் (பார் என்றால் நம்ம ஆவர்த்தனம் மாதிரி ஒரு தாள அளவு) அதிலேயே நின்று, எட்டு பாருக்கு மொத்தமாக அரை ஸ்வரம் மேலே ஏறி, கடைசி எட்டு பாருக்குப் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். கமகம் இல்லாததால் ராகமாகக் கேட்காது, ஆனால் ஒரே ஸ்கேலுக்குள் தங்கி நிதானமாக யோசித்து வாசிக்கிற அந்த வேலையை உங்கள் காது சட்டென்று பிடித்துக்கொள்ளும். டிரம்பெட்டில் மைல்ஸ் முடித்ததும் ஜான் கோல்ட்ரேன், அவருக்குப் பிறகு கேனன்பால் ஆடர்லி. இரண்டு பேரும் சாக்ஸபோன், இரண்டு பேருக்கும் அதே ஸ்வரங்கள்தான், ஆனால் கோல்ட்ரேன் விடாமல் துருவிக்கொண்டே இருப்பார், கேனன்பால் சிரித்துக்கொண்டே வருவார். இந்த வித்தியாசம் காதில் விழுந்துவிட்டால் தூக்கம் போய்விடும்.

சுருதி சுத்தம் பார்க்கிறவர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். 1959 மார்ச் 2 அன்று பதிவான முதல் மூன்று உருப்படிகளும், டேப் மெஷின் சரியான வேகத்தில் ஓடாததால், சுருதி கொஞ்சம் ஏறிப்போய்த்தான் பல வருஷம் விற்றன. 1990-களில்தான் சரிசெய்தார்கள். மகனிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம், 1960 மார்ச்சில் மைல்ஸும் கோல்ட்ரேனும் பாரிஸிலும் ஸ்டாக்ஹோமிலும் வாசித்த கச்சேரிப் பதிவுகளை அவசியம் கேளுங்கள். அதே 'ஸோ வாட்' அங்கே ஒரே ஓட்டம். பாரிஸில் கோல்ட்ரேன் வாசிப்பு பிடிக்காமல் கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது, அதுவும் பதிவில் இருக்கிறது. எனக்கு அந்தக் கோல்ட்ரேனைத்தான் அதிகம் பிடிக்கும்.

நேரில் போய்க் கேட்பதில் எனக்கு நம்பிக்கையே இல்லை. பக்கத்து சீட்டுக்காரர் பேசுவார், போன் அடிக்கும், மைக் கத்தும். ஹெட்போனில் ஸ்டுடியோ பதிவு கேட்பதுதான் நிம்மதி. மறுக்க முடியுமா?
– வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்

மறுக்கிறேன். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு கிளப். பில் எவன்ஸ் பியானோ, ஸ்காட் லஃபாரோ பேஸ், பால் மோஷியன் டிரம்ஸ். மத்தியானமும் ராத்திரியுமாக, நடுநடுவே இடைவேளை விட்டு ஐந்து செட் வாசித்தார்கள். அந்தப் பதிவில் கண்ணாடி டம்ளர் மோதுகிறது, யாரோ சிரிக்கிறார்கள், ஒரு மேஜையில் பேச்சு ஓய்வதே இல்லை. 'குளோரியாஸ் ஸ்டெப்' முதல் தடவை வாசிக்கும்போது கரண்ட் போய்ப் பதிவு நடுவில் அறுந்தே விட்டது. இத்தனையும் இருந்தும், பியானோ, பேஸ், டிரம்ஸ் என்று மூன்று பேர் சேர்ந்து வாசித்ததில் எதைக் கேட்பது என்று யார் கேட்டாலும் ஜாஸ் ரசிகர்கள் முதலில் கைகாட்டுவது அந்த ஒரு நாள் வாசிப்பைத்தான். லஃபாரோ பேஸை வெறும் துணைக்கு வைத்துக்கொள்ளாமல் பியானோவோடு சரிக்குச் சரி பேசவைத்தார். பதினோரு நாளில் கார் விபத்தில் போய்விட்டார், வயது 25. ஸ்டுடியோவில் பார்த்துக்கொள்ளலாம் என்று அன்று விட்டிருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும்?

மைக் கத்துவதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன், அதற்கு மன்னிப்பே கிடையாது. ஒரு கச்சேரியில் டபுள் பேஸை ஸ்பீக்கரில் இவ்வளவு ஏற்றிவைத்தார்கள், விரல் கம்பியைத் தொடுகிற சத்தமே இல்லை, வெறும் அதிர்வு. எழுந்துபோய் வாசல் கதவோரம் நின்றேன். அங்கே சுத்தமாகக் கேட்டது, பிரஷ் டிரம் தோலில் உரசுவது வரைக்கும். இடம் மாறி உட்கார்ந்து பாருங்கள் சார், கச்சேரியையே வெறுத்துவிடாதீர்கள்.

ரெக்கார்டு பிளேயர் வாங்கினால்தான் ஜாஸ் கேட்க முடியுமா? விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.
– கல்லூரி மாணவி, காட்பாடி

வேண்டவே வேண்டாம்மா. போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதே, அதில் பேஸ் காணாமல் போய்விடும், பேஸ் போனால் ஜாஸில் பாதி போச்சு. சுமாரான இயர்போன் போதும். மிச்சப் பணத்தைக் கச்சேரி டிக்கெட்டுக்கு வை.

எங்கள் பக்கம் தெருக்கூத்தில், கூட்டம் சூடாக இருந்தால் கட்டியக்காரன் விடிய விடிய இழுப்பான், கூட்டம் தூங்கினால் சுருக்கிவிடுவான். ஜாஸிலும் கூட்டத்துக்கு இந்த அதிகாரம் உண்டா?
– கூத்து ரசிகர், ஆரணி

உண்டு, அதற்கு ஒரு பெரிய சாட்சியே இருக்கிறது. 1956 ஜூலை 7, அமெரிக்காவில் நியூபோர்ட் ஜாஸ் விழா. டியூக் எலிங்டனின் குழுவுக்கு மவுசு குறைந்திருந்த காலம். ராத்திரி நேரமாகிவிட்டது, ஜனம் எழுந்து கிளம்பிக்கொண்டிருக்கிறது. எலிங்டன் 1937-ல் எழுதிய 'டிமினுயெண்டோ அண்ட் கிரசெண்டோ இன் ப்ளூ' என்ற இரட்டை உருப்படியை எடுக்கிறார், இரண்டுக்கும் நடுவில் பால் கோன்சால்வெஸின் சாக்ஸபோன். பன்னிரண்டு பார் ஒரு சுற்று. கறுப்பு உடுப்பில் ஒரு பெண் எழுந்து ஆட ஆரம்பிக்கிறாள், கூட்டம் நாற்காலி மேல் ஏறுகிறது, மேடையில் எலிங்டனே கத்தி உசுப்பேற்றுகிறார், கோன்சால்வெஸ் இருபத்தேழு சுற்று வாசித்துவிட்டுத்தான் நிறுத்தினார். கூட்டம் கிளம்பிப் போயிருந்தால் அத்தனை சுற்று வந்திருக்காது, நிச்சயம்.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. கோன்சால்வெஸ் வாசித்தது வேறு மைக்கில், அது 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலிக்காரர்களுடையது. தட்டு போட வந்த கொலம்பியா கம்பெனியின் மைக்கில் அவர் சத்தம் எங்கோ தூரத்திலிருந்து வருகிற மாதிரி விழுந்தது. அன்றைய கச்சேரியின் மற்ற பகுதிகளில் நிறைய ஸ்டுடியோவில் திரும்ப வாசித்து, கைத்தட்டலையும் ஒட்டி 'நியூபோர்ட் கச்சேரி' என்றே விற்றார்கள். வானொலி டேப் பிற்பாடு கிடைத்து, இரண்டையும் சேர்த்து 1999-ல் உண்மையான கச்சேரி வெளிவந்தது. பழைய தட்டையும் இதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், கூட்டம் என்ன செய்யும் என்பது உங்களுக்கு யாரும் சொல்லாமலே விளங்கும், நீங்கள் கூத்து பார்த்து வளர்ந்தவர்.

நான் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிறேன். கல்யாணம், சாவு இரண்டுக்கும் போவோம். ஜாஸ் நம்மைப் போன்றவர்களிடமிருந்துதான் வந்தது என்று எங்கள் மாஸ்டர் சொல்கிறார். நிஜமா?
– வாசகர், ஆம்பூர்

மாஸ்டர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி தம்பி. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் ஊரில் கறுப்பின மக்களின் பேண்டு செட்டுகள் சாவு ஊர்வலத்தில் கல்லறை வரைக்கும் தேவாலயப் பாட்டை மெதுவாக, கனமாக வாசித்துக்கொண்டு போகும். அடக்கம் முடிந்து திரும்பும்போது ஆட்டம் போடவைக்கிற பாட்டு, ஊரே பின்னால் ஆடிக்கொண்டு வரும். அந்தத் தெருவாசிப்புக்கு ஜாஸில் பெரிய பங்கு உண்டு. ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் சின்னப் பையனாக கார்னெட் (டிரம்பெட் மாதிரி, கொஞ்சம் குட்டை) பழகியதே சீர்திருத்தப் பள்ளியின் பேண்டு செட்டில்தான்.

நீ கிளாரினெட் என்பதால் ஆம்ஸ்ட்ராங்கின் 'ஹாட் ஃபைவ்' குழுவில் ஜானி டாட்ஸ் வாசித்ததைத் தேடிக் கேள், 1925-லிருந்து வந்த தட்டுகள். ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் வாசிக்கிற மெலடிக்கு மேலேயும் கீழேயும் அவர் எப்படிப் புகுந்து வருகிறார் என்று கவனி. அப்புறம் சிட்னி பெஷே, அவரும் கிளாரினெட்காரர். ஒன்றை மட்டும் மறக்காதே, அந்தக் காலத்துத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம்தான் பிடிக்கும். தெருவிலும் டான்ஸ் ஹாலிலும் எவ்வளவு நேரம் இழுத்தாலும் தட்டுக்கு வரும்போது வெட்டிக் குறுக்கியாக வேண்டும். அதனால் தட்டில் கேட்பதுதான் அவர்களின் முழு வாசிப்பு என்று நினைத்துவிடாதே. உங்கள் செட்டின் வாசிப்பையும், சும்மா போனில்தான் என்றாலும், முழு நீளத்துக்குப் பதிவு செய்து வை.

வேலூர்ப் பக்கம் ஜாஸை நேரில் கேட்க வழி உண்டா?
– வாசகி, வாணியம்பாடி

நம்ம பக்கம் நடப்பது அபூர்வம், ரயில் ஏறத்தான் வேண்டும். உங்களுக்கு ஜோலார்பேட்டை பக்கம் என்பதால் பெங்களூரு வசதி. ஒயிட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ் என்ற இடத்தில் ஜாஸுக்கென்றே மேடை வைத்திருக்கிறார்கள், பப்தான், முன்கூட்டியே டிக்கெட் எடுக்கவேண்டும். சென்னை என்றால் ஜெர்மனிக்காரர்களின் கதே இன்ஸ்டிட்யூட், பிரெஞ்சுக்காரர்களின் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் இரண்டு கலாசார மையங்களின் நிகழ்ச்சி அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டே இருங்கள், அந்த நாடுகளிலிருந்து வரும் கலைஞர்களை மேடையேற்றுவார்கள். ஏப்ரல் 30 உலக ஜாஸ் தினம், அதையொட்டித் தேடினால் ஏதாவது மாட்டும். கச்சேரி முடிய ராத்திரி பத்து தாண்டிவிடும், திரும்பும் ரயிலை முதலில் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போனால் நல்லது. டிரம்ஸ் பக்கம் உட்காருங்கள். ஒருவர் தனி வாசித்து முடித்த உடனே, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கைதட்டலாம், அங்கே அதுதான் முறை. முடிந்தால் அதே குழுவின் பதிவு ஒன்றை முந்தின நாளே கேட்டுவிட்டுப் போங்கள், அங்கே எதை மாற்றினார்கள் என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.