செட்டிநாட்டு வீடுகளை இரண்டு நாளில் எப்படிப் பார்ப்பது?

காரைக்குடியில் இரண்டு நாள் தங்கிச் செட்டிநாட்டுப் பழைய வீடுகளையும் அக்கம்பக்கத்துச் சிறிய அருங்காட்சியகங்களையும் பார்க்கப் போவதாகவும், அதற்குள் எத்தனை வீடுகளைப் பார்த்து முடிக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நாளுக்கு இரண்டு வீடுகளுக்கு மேல் வேண்டாம் என்பதே என் பதில். முதன்முறை நான் சென்றபோது வழிகாட்டி ஒருவரின் அவசரத்துக்கு ஈடுகொடுத்து ஒரே நாளில் ஏழு வீடுகளில் ஏறி இறங்கினேன். ஊர் திரும்பியதும் எந்தத் தூண் எந்த வீட்டில் இருந்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மறுமுறை ஒரே வீட்டில் அரை நாள் இருந்தேன். அன்றுதான் செட்டிநாட்டு வீடு எனக்குப் புரியத் தொடங்கியது.

ஆத்தங்குடியில் 'பெரிய வீடு' என்று ஊரார் சொல்லும் லட்சுமி இல்லத்தில் தொடங்குங்கள். சிறு கட்டணம் செலுத்தி உள்ளே செல்லலாம். எல்லோரும் முகப்பிலேயே நின்று, வண்ணம் தீட்டிய கூரையையும் பர்மா தேக்கில் இழைத்த வேலைப்பாட்டையும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். முகப்பு, ஆண்கள் வந்தவர்களை வரவேற்றுக் கணக்கு வழக்குப் பேசிய இடம். அது பிறர் பார்ப்பதற்காகவே கட்டப்பட்டது. அதைத் தாண்டி, வீட்டின் நடுப்பகுதியான வளவுக்கு வாருங்கள். திறந்த முற்றத்தைச் சுற்றி வரிசையாக நிற்கும் சிறு அறைகள், அந்த வீட்டின் ஒவ்வொரு மகனுக்கும் உரியவை. மணமானதும் மகனை 'வேறு வைப்பது', இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வழக்கம். அதாவது ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் அந்தத் தம்பதிக்குத் தனிச் செலவு, தனிச் சமையல். அத்தம்பதி கோயில் கணக்கிலும் ஒரு 'புள்ளி'யாக, அதாவது தனிக் குடும்பமாக, சேர்ந்துவிடும். அவ்வளவு பெரிய வீட்டில் அவ்வளவு சிறிய அறைகள் ஏன் என்று முதல்முறை எனக்கு எழுந்த கேள்விக்கு விடை இந்த வழக்கத்தில்தான் இருக்கிறது. பெண் கொண்டுவந்த சீர்ப் பாத்திரங்களும் பீங்கானும் எனாமல் அடுக்குகளும் அந்த அறைகளில்தான் பூட்டி வைக்கப்பட்டன.

நான் அரை நாள் இருந்தது வேறொரு ஊரில், விருந்தினருக்குத் திறக்கப்படாத ஒரு வீட்டில். அந்த வீட்டைக் கவனித்துக்கொண்டிருந்த முதிய அம்மா, "முன்னாடியே நிக்கிறீங்களே, பின்கட்டுக்கு வாங்க தம்பி, அங்கதான் வீடு இருக்கு" என்று அழைத்துச் சென்றார். அம்மி, ஆட்டுக்கல், வற்றல் காய்ந்த முற்றம், அதன் பின்னே அடுத்த தெருவுக்குத் திறக்கும் கதவு. ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் அந்த நீளத்தை நடந்து பார்த்தால்தான், கானாடுகாத்தான் போன்ற ஊர்களின் தெருக்கள் ஏன் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுகின்றன என்பதும் விளங்கும். சுவரையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய பூச்சு, சித்திரை வெயிலிலும் குளிர்ந்தே இருக்கும்.

ஆத்தங்குடியை விட்டுக் கிளம்புமுன், தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறை ஒன்றுக்குப் போய்வாருங்கள். கண்ணாடிச் சில்லின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் கட்டங்களில் வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, உலர்த்தித் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். சூளைக்கே போகாத கல் இது. அதன் பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது.

பல வீடுகள் பூட்டிக் கிடப்பதைக் காண்பீர்கள். அதற்குக் காரணம் கடலுக்கு அப்பால் இருக்கிறது. 1930களின் இறுதியில் கீழ் பர்மாவின் நெல் வயல்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, கடன் ஈடாக, அங்கே வட்டிக்குக் கடன் கொடுத்த நகரத்தார் கைக்கு வந்திருந்தது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு, பிறகு சுதந்திர பர்மாவின் நில தேசியமயம் என்று அந்த வருவாய் அடியோடு போயிற்று. வீடு மட்டும் பங்காளிகள் அனைவருக்கும் பொதுவாக நின்றது. இன்று ஒரு வீட்டுக்குப் பல பங்குகள் இருப்பதால், பழுது பார்க்க ஒருவர் விரும்பினாலும் மற்றவர்களின் சம்மதம் வேண்டும். இடிந்த வீடுகளின் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விற்பனைக்கு நிற்கின்றன. அந்தத் தெருவில் எதையும் வாங்க எனக்கு இதுவரை மனம் வந்ததில்லை. நீங்களும் வாங்கத்தான் வேண்டும் என்றால், பட்டறையில் புதிய ஆத்தங்குடிக் கல்லை வாங்குங்கள். அந்தப் பணம் உழைப்பவரிடம் சேரும்.

இரண்டாம் நாள் புதுக்கோட்டைக்குச் செல்லுங்கள். திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1910இல் புதுக்கோட்டைச் சமஸ்தானக் காலத்தில் தொடங்கப்பட்டது. செப்புத் திருமேனிகள், நாணயங்கள், ஆயுதங்கள், பாடம் செய்த விலங்குகள் என எல்லாம் ஒரே கூரையின் கீழ் நெருக்கமாக இருக்கும் பழைய பாணி அருங்காட்சியகம் அது. அம்மன் காசு என்று தனி நாணயமே வெளியிட்ட சமஸ்தானம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு நாணயப் பகுதியில் நேரம் செலவிடுங்கள். மதுரை வழியாக ஊர் திரும்புவதானால், 2023இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அதைச் செட்டிநாட்டு வீட்டின் சாயலிலேயே கட்டியிருக்கிறார்கள். வளவையும் முற்றத்தையும் முதல் நாளே பார்த்தவருக்கு அந்தக் கட்டடம் கூடுதலாகப் பேசும்.

புதுக்கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் பயண நாளை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். கானாடுகாத்தான் தெருக்களில் நடப்பதற்கு வெயில் ஏறாத காலை வேளையே நல்லது. பூட்டாத வீடு ஏதேனும் கண்ணில் பட்டால், வாசலில் நின்று குரல் கொடுத்து அனுமதி கேளுங்கள். அனுமதி கிடைத்தால், பின்கட்டையும் பார்க்கலாமா என்று கேட்க மறக்காதீர்கள்.